எந்தப் பிள்ளையைக் குறிவைக்கிறார்கள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இணையத்தில் பிள்ளைகளைப் பாலியல் நோக்கத்தோடு பழக்கி வசப்படுத்தும் குற்றங்களைப் பற்றி சிங்கப்பூர் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்து இங்கே இடம்பெறுகின்றன. எழுதியவர்களின் பெயரும் அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். வார இறுதியில் என்னோடு கோவிலுக்கு வருவாள். எதிர்த்துப் பேச மாட்டாள். கவனிப்பார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் இப்படிப்பட்டவர்களிடம் சிக்குவார்கள் என்று என் அண்ணி சொல்கிறார். அது உண்மையா? எந்த மாதிரிப் பிள்ளைகள் சிக்குகிறார்கள்?
ஒரு தாய், ஈசூன்

பதில்: உங்கள் அண்ணி சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோரின் பிரிவு, முன்பே அடித்தோ பாலியல் ரீதியாகவோ துன்புறுத்தப்பட்ட அனுபவம், மனச்சோர்வு, நெருங்கிப் பேச ஒரு தோழிகூட இல்லாத தனிமை ஆகியவற்றோடு வாழும் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிறர் பேச்சின் உள்நோக்கத்தைப் புரிந்துகொள்ளச் சிரமப்படும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் அப்படியே. ஆனால் அன்பான வீட்டில், நல்ல மதிப்பெண்களோடு வளரும் பிள்ளைகளும் சிக்கியிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கான குறை ஒன்றும் தேவையில்லை. சில வாரங்கள் மனத்தில் நிற்கும் வெறுமையே போதுமானதாகிவிடுகிறது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். இணையத்தில் அறிமுகமாகிப் பின்னர் பாலியல் குற்றத்தில் முடிந்த 129 வழக்குகளை, அவற்றை விசாரித்த காவல் அதிகாரிகளிடமே கேட்டு அவர்கள் தொகுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் முக்கால் பங்கினர் 13 முதல் 15 வயதுக்குட்பட்டவர்கள். முக்கால் பங்கினர் பெண் பிள்ளைகள், கால் பங்கினர் ஆண் பிள்ளைகள். பெற்றோர் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கக்கூடியது அடுத்த செய்திதான்: தம்மை இளையர் என்று சொல்லி ஏமாற்றியவர்கள் குற்றவாளிகளில் 5 விழுக்காட்டினர் மட்டுமே. பெரும்பாலான பிள்ளைகள், தாம் பேசுவது ஒரு பெரியவரோடுதான் என்று தெரிந்தே பேசினார்கள். நேரில் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் ஒரு முறைக்கு மேல் சந்தித்தார்கள். அதை அவர்கள் காதல் என்று நம்பினார்கள். ‘முன்பின் தெரியாதவன் பொய் சொல்லி ஏமாற்றுவான், எச்சரிக்கையாக இரு’ என்று மட்டும் நாம் சொல்லிக்கொடுத்தால், பொய்யே சொல்லாமல் பரிவோடு பேசும் 25 வயது ஆடவரை அந்த எச்சரிக்கையோடு பிள்ளை பொருத்திப் பார்க்காது.

அந்த ஆய்வு நடந்த காலத்தில் பிள்ளைகள் கையில் திறன்பேசி இல்லை. இன்று ஆபத்து இன்னும் இளைய வயதுக்கு இறங்கியிருக்கிறது. மிரட்டியோ மயக்கியோ பிள்ளைகளையே தங்களைப் படம் எடுக்க வைக்கும் கொடுமை 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடையே வேகமாகப் பெருகியதாக, இணையத்தில் பரவும் சிறுவர் பாலியல் கொடுமைப் படங்களைக் கண்டறிந்து நீக்கும் பிரிட்டிஷ் அமைப்பான இண்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன் 2022ஆம் ஆண்டைப் பற்றிய அறிக்கையில் பதிவு செய்தது.

உங்கள் மகள் இருக்கும் காலகட்டத்தையும் கவனியுங்கள். ஆறு ஆண்டுகள் கூடவே இருந்த தோழிகள் வேறு வேறு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பிரிந்துவிட்டார்கள். பள்ளி புதிது, உடல் மாறுகிறது, இணைப்பாட நடவடிக்கை முடிந்து வீட்டுக்கு வர மாலையாகிறது. தொடக்கநிலையில் முதல் வரிசையில் இருந்த பிள்ளை, தன்னைப் போன்றவர்களே நிறைந்த வகுப்பில் நடுவில் எங்கோ இருக்கிறாள். அந்த நேரத்தில் ‘நீ வரைந்ததைப் பார்த்தேன், உன் வயதுக்கு இது பெரிய திறமை’ என்று ஒருவர் எழுதினால் அது அவளுக்குப் பெரிதாகத்தான் தெரியும். இதில் ஒழுக்கக் குறைவு எதுவும் இல்லை. பாராட்டப்பட வேண்டும், காதலிக்கப்பட வேண்டும் என்பது அந்த வயதுக்கு இயல்பான ஆசை. குற்றவாளி அதைத்தான் தேடிப் பிடிக்கிறார்.

தன் பெயரையும் பள்ளியையும் வெளியிடுவதுதான் பெரிய ஆபத்து என்று நாம் வெகுகாலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அதைவிடக் கூடுதலான ஆபத்து, நேரில் அறியாத பலரை நண்பர் பட்டியலில் சேர்த்துக்கொண்டு அவர்களோடு தனிப்பட்ட உரையாடலுக்குப் போவதும், அதிலும் பாலியல் தொடர்பான பேச்சுக்கு இடம் கொடுப்பதும்தான்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரிக்கு வருகிறேன். ‘எதிர்த்துப் பேச மாட்டாள்’ என்று நிறைவோடு எழுதியிருக்கிறீர்கள். குற்றவாளி முதலில் எடைபோடுவது பிள்ளையின் அழகையோ மதிப்பெண்ணையோ அல்ல, இந்தப் பிள்ளை வீட்டில் சொல்லுமா என்பதையே. பெரியவர் பேச்சைத் தட்டாத, தவறு செய்துவிட்டோமோ என்று எளிதில் கூனிக் குறுகும் பிள்ளை வெளியே சொல்லாது என்பது அவருக்குத் தெரியும். கட்டுப்பாடான வீடு தவறு என்று நான் சொல்லவில்லை. தவறு செய்துவிட்டு வந்தாலும் அந்த வீட்டில் பேச முடியுமா என்பதை உங்கள் மகள் இன்று, ஒன்றும் நடக்காத நாளிலேயே, அறிந்திருக்க வேண்டும். அவள் ஒரு குவளையை உடைத்தபோது, ஒரு தேர்வில் சறுக்கியபோது நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்களோ, அதை வைத்தே இதை அவள் கணித்திருப்பாள்.

கேள்வி: எனக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள், 10 வயதும் 14 வயதும். இருவரும் ரோப்லாக்ஸ் விளையாடுகிறார்கள். பெரியவன் டிஸ்கார்ட், டெலிகிராம் ஆகிய உரையாடல் செயலிகளிலும் இருக்கிறான். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும் என்று இதுநாள்வரை இருந்துவிட்டேன். இவர்கள் எப்படித்தான் பிள்ளைகளை நெருங்குகிறார்கள்?
ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

பதில்: ஆண் பிள்ளைகளைப் பற்றிய நம் அலட்சியமே குற்றவாளிகளுக்கு வசதியாகிவிட்டது. மேலே சொன்ன ஆய்விலேயே நால்வரில் ஒருவர் ஆண் பிள்ளை. தன் பாலியல் நாட்டத்தைப் பற்றிக் குழம்பிக்கொண்டிருக்கும், அதை வீட்டில் வாய்திறந்து கேட்க முடியாத ஆண் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்றும் அதே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆடவர் ஒருவரால் பாதிக்கப்பட்ட பையன், தன்னை ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி வாயை மூடிக்கொள்கிறான். அதனால் வெளியே வரும் வழக்குகள் குறைவாகத் தெரிகின்றன.

நெருங்கும் முறை ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஒன்றுதான். இங்கிலாந்தின் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரேச்சல் ஓகானல் என்பவர், அரட்டை அறைகளில் தாமே ஒரு சிறுமி போல இருந்து கவனித்து, அதன் படிநிலைகளை 2003இல் விவரித்தார். முதலில் நட்பு, பிறகு வீடு, பள்ளி, கவலைகள் என்று நெருக்கம், அடுத்து எடைபோடுதல், அதன் பிறகு ‘உன்னைப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான்’ என்று பிள்ளையைத் தனக்கே உரியதாக்கிக்கொள்வது, கடைசியில்தான் பாலியல் பேச்சு. இந்த வரிசை எப்போதும் இப்படியே வருவதில்லை. சிலர் மாதக்கணக்கில் பொறுமையாக இருப்பார்கள், சிலர் பத்தே நிமிடங்களில் படம் கேட்பார்கள்.

நடுவில் வரும் எடைபோடுதலை உங்கள் பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் பிள்ளை தானே கண்டுபிடிக்கக்கூடிய இடம் அதுதான். ‘கணினி எந்த அறையில் இருக்கிறது?’, ‘உன் தொலைபேசியை அம்மா பார்ப்பார்களா?’, ‘அப்பா வேலை முடிந்து எப்போது வருவார்?’, ‘இதை யாரிடமாவது சொன்னாயா?’ போன்ற கேள்விகளை எந்த விளையாட்டுத் தோழனும் கேட்க வேண்டிய தேவை இல்லை. பொதுவில் எல்லாரும் பார்க்கும் விளையாட்டிலிருந்து, எழுதியது தானே அழிந்துபோகும் தனி உரையாடலுக்கு வரச் சொல்வதும் அதே வகைதான். சிறியவனிடம் வேறு வழியில் வருவார்கள்: ரோப்லாக்ஸில் செலவழிக்கும் பணமான ரோபக்ஸ் வாங்கித் தருவார்கள், ஓர் அரிய விளையாட்டுப் பொருளைப் பரிசாகக் கொடுப்பார்கள். வாங்கிய பிறகு, ‘உனக்கு நான் இவ்வளவு செய்தேனே’ என்பதே கயிறாகிவிடுகிறது. யார் கொடுத்தது என்று உங்கள் 10 வயது மகனால் சொல்ல முடியாத எந்தப் பரிசையும் ‘விளையாட்டுதானே’ என்று ஒதுக்காதீர்கள்.

பெரியவனுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. அழகான பெண்ணின் படத்தோடு ஒரு கணக்கு அவனைத் தொடரும், அரை மணி நேரத்துக்குள் அந்தரங்கப் படம் பரிமாறிக்கொள்ளலாம் என்று அழைக்கும், அவன் அனுப்பிய மறுநிமிடமே பணம் கேட்டு மிரட்டும். மறுமுனையில் இருப்பது பெண்ணே அல்ல. பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து இயங்கும் கும்பல். 14 முதல் 17 வயது ஆண் பிள்ளைகளே இதில் அதிகம் குறிவைக்கப்படுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்திருக்கிறது. அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட பையன்களும் உண்டு. ஆகவே ‘நீ எதை அனுப்பியிருந்தாலும் சரி, யார் மிரட்டினாலும் முதலில் என்னிடம் வா’ என்ற வார்த்தையை அவனிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

அரசாங்க விதிகள் காப்பாற்றாதா என்றும் நீங்கள் கேட்கலாம். 2023 ஜூலை 18 முதல் நடப்பில் இருக்கும் இணையப் பாதுகாப்பு நடைமுறைக் கோட்பாடு, ஃபேஸ்புக், ஹார்ட்வேர்ஸோன், இன்ஸ்டகிராம், டிக்டாக், டுவிட்டர் (இப்போது எக்ஸ்), யூடியூப் ஆகிய ஆறு தளங்களுக்குச் சிறுவர் பாதுகாப்பில் கடமைகளை விதித்தது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் அந்த ஆறில் டெலிகிராமும் இல்லை, டிஸ்கார்டும் இல்லை, ரோப்லாக்ஸும் இல்லை. உங்கள் பிள்ளைகள் இருப்பதோ அங்கேதான்.

கேள்வி: வீட்டில் துணைப்பாடம் நடத்துகிறேன். என்னிடம் படிக்கும் 14 வயது மாணவி, இன்ஸ்டகிராமில் பழகிய 24 வயது ஆடவரைக் காதலிப்பதாகவும், அவர் தன் வயதை மறைக்கவில்லை என்றும், பள்ளி விடுமுறையில் சந்திக்கப் போவதாகவும் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். சட்டம் என்ன சொல்கிறது? நான் என்ன செய்ய வேண்டும்?
ஓர் ஆசிரியை, செங்காங்

பதில்: அவர் வயதை மறைக்காதது அவருடைய நேர்மைக்குச் சான்று ஆகாது. நம் தண்டனைச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே 376இ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. பெரியவர் ஒருவர், தாம் தொடர்புகொண்டிருந்த 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாலியல் குற்றம் புரியும் நோக்கத்தோடு சந்தித்தாலோ, சந்திக்கப் புறப்பட்டாலோ, அதுவே குற்றம்; வேறொன்றும் நடந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை 14 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் 4 ஆண்டு வரையிலும், அதற்கு மேற்பட்டவராக இருந்தால் 3 ஆண்டு வரையிலும் சிறை விதிக்கலாம். 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடப்புக்கு வந்த திருத்தங்கள், 16 வயதுக்குட்பட்ட பிள்ளையோடு பாலியல் இன்பம் கருதிப் பாலியல் உரையாடல் நடத்துவதையும் தனிக் குற்றமாக்கின. 16, 17 வயதினரையும் அவை மறக்கவில்லை: வயது வேறுபாடு, உறவின் தன்மை, ஒருவர் மற்றவர்மேல் கொண்டுள்ள பிடி ஆகியவற்றைப் பார்த்து, அந்த உறவு சுரண்டலா என்று நீதிமன்றம் முடிவு செய்யும். உங்கள் மாணவியின் வயதில் சம்மதம் என்ற பேச்சே சட்டத்தின் முன் எடுபடாது. அவள் ‘சரி’ என்றதால் அவர் தப்ப முடியாது.

அவளிடம் பேசும்போது, ‘அவன் உன்னை ஏமாற்றுகிறான்’ என்று தொடங்காதீர்கள். அவள் மனத்தில் இருப்பது அவளைப் பொறுத்தவரை மெய்யான காதல். அதை நீங்கள் இகழ்ந்ததும், உலகமே எதிர்க்கிறது என்று அவர் முன்பே சொல்லிவைத்தது பலித்துவிட்டதாக நினைப்பாள். அவள் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரகசியம் காப்பதாக வாக்களிக்காதீர்கள். ‘உன் பாதுகாப்புக்காக இதை ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும், யாரிடம் முதலில் சொல்வது என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்யலாம்’ என்று நேராகச் சொல்லுங்கள். பெற்றோரிடம் சொன்னால் அடி விழும் என்ற அச்சம் உண்மையானால், பள்ளி ஆலோசகர் வழியாகவோ, வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவி எண்ணான 1800-777-0000 வழியாகவோ தொடங்கலாம். அந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. சந்திப்பு நெருங்கிவிட்டது என்று தோன்றினால் 999ஐ அழையுங்கள்.

இரண்டு காரியங்களை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்த ஆடவருக்கு நீங்களே எழுதி எச்சரித்தால், அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடுத்த பிள்ளையைத் தேடிப் போவார். மாணவியின் அந்தரங்கப் படங்கள் இருந்தால், ஆதாரம் என்று எண்ணி அவற்றை உங்கள் தொலைபேசிக்கு மாற்றிக்கொள்ளவும் கூடாது. அத்தகைய படங்களை வைத்திருப்பதே கடுமையான குற்றம். அவளுடைய தொலைபேசி இருக்கிறபடியே இருக்கட்டும். அவருடைய கணக்குப் பெயரையும் அவள் சொன்ன தேதிகளையும் ஒரு தாளில் எழுதிவைத்தால் போதும்.

கேள்வி: மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேத்தி தொடக்கநிலை ஐந்து. பள்ளி விட்டு வந்ததும் ஐபேடோடு அறைக்குள் போய்விடுகிறாள். எனக்கு அந்தச் செயலிகள் ஒன்றும் தெரியாது. என்னால் என்ன முடியும்?
ஒரு பாட்டி, தெம்பனிஸ்

பதில்: செயலிகளை அறிந்திருக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை, அம்மா. அந்தக் கட்டுப்பாடுகளை மகனும் மருமகளும் பார்த்துக்கொள்ளட்டும். ஐபேடை வரவேற்பறையில் வைத்துப் பார்ப்பது, அறைக் கதவு திறந்திருப்பது, இரவில் அது பெற்றோரிடம் போய்விடுவது ஆகிய மூன்றையும் வீட்டின் வழக்கமாக்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்யக்கூடியது வேறு யாராலும் செய்ய முடியாதது. பள்ளிவிட்டு வரும் பேத்திக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே, இன்று விளையாட்டில் யாரெல்லாம் வந்தார்கள் என்று கேளுங்கள். அவள் சொல்லும் பெயர்களை நினைவில் வைத்து மறுநாளும் விசாரியுங்கள். திடீரென்று ஒரு பெயர் பேச்சிலிருந்து மறைந்தாலோ, நீங்கள் அருகில் வந்ததும் அவள் திரையைக் கவிழ்த்தாலோ, உறக்கமும் பசியும் குறைந்தாலோ, அதட்டாமல் மருமகளிடம் சொல்லுங்கள். பெற்றோரிடம் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் பாட்டியிடம் சொல்வதுண்டு. சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்தும் டிங்கல் ஃபிரெண்ட் எண் 1800-2744-788. அதைக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: எனக்கு 15 வயது. இணையத்தில் பழகிய ஒருவருக்கு என் படங்களை அனுப்பிவிட்டேன். இன்னும் அனுப்பாவிட்டால் என் வகுப்பில் உள்ள எல்லாருக்கும் அனுப்புவேன் என்கிறார். அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். நான் செய்ததுதானே எல்லாம்?
பெயர் இல்லை, ஜூரோங்

பதில்: மகளே, நீ நம்பி அனுப்பினாய், அவர் மிரட்டுகிறார். குற்றம் செய்திருப்பவர் அவர். நம் காவல்துறையில் இத்தகைய வழக்குகளை விசாரிக்கவென்றே பயிற்சி பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் தேடப் போவது அவரைத்தான். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட சட்டம் தடை விதித்திருக்கிறது. நாளிதழில் உன் பெயர் வராது, பள்ளியின் பெயரும் வராது.

இனி ஒரு படமும் அனுப்பாதே, பணமும் கொடுக்காதே. கொடுத்தவர்களை அவர்கள் விட்டுவிடுவதில்லை, மேலும் கேட்கிறார்கள். அவர் எழுதியவற்றை வெட்கப்பட்டு அழித்துவிடாதே, மிரட்டல்களும் அவருடைய கணக்குப் பெயரும் அப்படியே இருக்கட்டும். அவரோடு வாதாடவும் வேண்டாம்; பதில் எழுதாமல் நிறுத்திவிடு. படம் பரவுவதைத் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. காணாமற்போன, சுரண்டப்பட்ட பிள்ளைகளுக்கான அமெரிக்கத் தேசிய நிலையம் அதை நடத்துகிறது. வேறு நாட்டுப் பிள்ளைகளும் பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம். உன் படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. அந்தப் படத்துக்குரிய ஓர் எண் அடையாளம் மட்டும் உன் கருவியிலேயே உருவாகி அவர்களிடம் போகும். இன்ஸ்டகிராம், டிக்டாக் உள்ளிட்ட பங்கேற்கும் தளங்கள் அதை வைத்துப் பொதுவில் பரவும் படத்தைக் கண்டறிந்து நீக்கும். தனி உரையாடலில் ஒருவர் மற்றவருக்கு அனுப்புவதை அதனால் தடுக்க முடியாது. அதனால் காவல்துறைக்குத் தெரிவிப்பதைத் தள்ளிப்போடாதே.

நாளைக் காலை பள்ளி ஆலோசகரிடம் போ. முழுக் கதையையும் சொல்ல வராவிட்டால், ‘ஒருவர் என் படத்தை வைத்து என்னை மிரட்டுகிறார்’ என்ற ஒரு வரியை எழுதிக் கொடு. மற்றதை அவர் கேட்டுக்கொள்வார். பள்ளி வேண்டாம் என்றால் மேலே உள்ள 1800-777-0000 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு கணம் தோன்றினாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐ அழை. அங்கே இரவு பகலாக ஆள் இருக்கிறார்கள்.

அப்பாவிடம் நீ தனியாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆலோசகரை முதலில் பேசச் சொல், நீ பக்கத்தில் இருந்தால் போதும். அப்பா முதல் நாள் கோபப்படக்கூடும். அந்தக் கோபம் உன்மேல் திரும்பாமல் பார்த்துக்கொள்வதும், தேவைப்பட்டால் அன்றிரவு நீ யார் வீட்டில் இருப்பாய் என்று ஏற்பாடு செய்வதும் ஆலோசகரின் வேலையில் சேர்ந்ததுதான். அதை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள உனக்கு உரிமை இருக்கிறது.